ஒரு நாள் பூச்சியின் இரண்டு வருஷம்: மேஃப்ளையும் தூண்டில்காரர்களும்

ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையிலிருந்தும் மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரே மாதிரிப் படங்கள் வரும். தெருவிளக்குக் கம்பம் முழுக்க மேஃப்ளை என்ற பூச்சி. கடைச் சுவரே தெரியாத அளவுக்குப் பூச்சி. பாலத்தின் மேல் செத்துக் குவிந்ததைப் பனி தள்ளும் வண்டியைக் கொண்டுவந்து ஒதுக்குவார்கள். கூடவே வானிலை ரேடார் படம் ஒன்றும் வரும்: மழை மேகம் போல ஒரு திட்டு ஆற்றிலிருந்து கிளம்பிக் காற்றோடு பரவும். 2014 ஜூலை 20 அன்று விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் ரேடாரில் பதிவான அப்படிப்பட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றி வந்தது.

பார்க்கிறவர்களுக்கு உடனே சில சந்தேகங்கள் எழும். இது ஈசலா? ஆறு சாக்கடையாகிப் போனதால் பெருகிய பூச்சியா? ஒரே நாள் வாழ்கிற பூச்சி என்கிறார்களே, ஒரே நாளில் இத்தனை கோடி எப்படி முளைத்தது? இதே பூச்சியைப் பற்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தூண்டில் போடுகிறவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசியும் எழுதியும் தீரவில்லையே, அதற்கு என்ன காரணம்?

இவை எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: தண்ணீருக்கு அடியில். 'ஒரு நாள் வாழ்க்கை' என்பது நம் கண்ணில் படுகிற பகுதி மட்டும்தான்.

## ஈசல் வேறு, மேஃப்ளை வேறு

ஈசல் என்பது கறையான். மழை பெய்து மண் இளகியதும் புற்றிலிருந்து சிறகோடு வெளியே வரும், சிறகை உதிர்க்கும், ஜோடி சேர்ந்து புதிய புற்று அமைக்கப் போகும். விளக்கடியில் சாகிறவை போக, மிஞ்சிய ராஜாவும் ராணியும் அதன் பிறகு வருஷக்கணக்கில் வாழும். ஈசலின் பறத்தல் ஒரு குடித்தனத்தின் தொடக்கம்.

மேஃப்ளைக்குப் பறத்தல்தான் முடிவு. அது மண்ணில் பிறக்கும் பூச்சி அல்ல, தண்ணீரில் பிறப்பது. பார்த்ததும் அடையாளம் காணச் சுலபம். உட்கார்ந்திருக்கும்போது சிறகை முதுகின் மேல் பாய்மரம் போலச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கும். வால் பக்கம் இரண்டோ மூன்றோ நீண்ட மெல்லிய இழைகள் இருக்கும். ஈக்கும் வண்டுக்கும் முடிவது போலச் சிறகை முதுகோடு மடித்துக்கொள்ள இதனால் முடியாது. பூச்சிகளில் மிகப் பழைய வகையில் இதே குறை, அல்லது இதே பழமை, தட்டானுக்கும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தின் முன்னோர்களும் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டைனோசர்களுக்கு வெகு காலம் முன்பே, பறந்துகொண்டிருந்தவர்கள்.

இதன் அறிவியல் வரிசைப் பெயர் எபெமெரோப்டெரா. 'ஒரு நாளே இருப்பது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லோடு 'சிறகு' என்ற சொல்லைச் சேர்த்தது. உலகில் இதுவரை 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பெயரில் 'மே' இருப்பதற்குக் காரணம் எபெமெரா டானிகா என்ற பெரிய இனம். இங்கிலாந்து ஆறுகளில் அது மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் எழும். மற்ற இனங்களுக்கு அந்த மாதக் கணக்கெல்லாம் இல்லை.

## வாழ்க்கை நான்கு கட்டம்

1. முட்டை. பெண்பூச்சி தண்ணீரின் மேல் முட்டையிடும். இனத்துக்கு ஏற்பச் சில நூறு முதல் சில ஆயிரம் வரை. சில இனங்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பிக் கொஞ்சம் கொஞ்சமாக இடும். சில ஒரே உருண்டையாகப் போட்டுவிடும். பேட்டிஸ் வகையில் பெண்பூச்சி தண்ணீருக்குள்ளேயே நடந்து இறங்கிக் கல்லின் அடியில் ஒட்ட வைக்கும். முட்டை ஆற்றின் அடியில் தங்கி, வாரங்களிலோ மாதங்களிலோ பொரியும்.

2. நிம்ஃப். தண்ணீருக்கடியில் வாழும் இளம்பூச்சிக்கு இந்தப் பெயர். இதுதான் அசல் மேஃப்ளை என்று சொன்னால் தப்பில்லை, ஏனென்றால் வாழ்நாளில் 99 சதவீதத்துக்கு மேல் இந்த உருவத்தில்தான் கழிகிறது. வெதுவெதுப்பான நீரில் வாழும் சிறிய இனங்களுக்குச் சில வாரம். பல இனங்களுக்கு ஒரு வருஷம். எபெமெரா டானிகாவுக்கும் ஈரி ஏரியின் ஹெக்ஸஜீனியாவுக்கும் பெரும்பாலும் இரண்டு வருஷம். ஹங்கேரியின் டிசா ஆற்றில் இருக்கும் பாலிஞ்சீனியா மூன்று வருஷம் கரைக் களிமண்ணுக்குள் வளை தோண்டி இருக்கிறது.

வயிற்றின் இரு பக்கமும் வரிசையாகச் செவுள்கள் இருக்கும். அவற்றை அசைத்து அசைத்து நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கல்லில் படிந்த பாசி, அழுகிய இலைத்துகள், சேற்றில் கலந்த மக்கு இவையே சாப்பாடு. வளர வளரத் தோலுரிக்கும். பத்து முறை உரிப்பதும் உண்டு, ஐம்பது முறை வரை உரிப்பதும் உண்டு.

இருக்கும் இடத்துக்கு ஏற்ப உடம்பு மாறியிருக்கிறது. வேகமான ஓட்டத்தில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழ்பவை தட்டையானவை. தெளிந்த நீரில் மீன்குஞ்சு போலத் துள்ளி நீந்துபவை ஒல்லியானவை. இலைச்சருகுக்குள் மெல்ல ஊர்பவை ஒரு வகை. சேற்றில் குழி பறிப்பவை இன்னொரு வகை. தாடையில் தந்தம் போல நீட்டிக்கொண்டிருப்பதை வைத்தே அவை மண்ணைத் தோண்டும். ஒரு ஆற்றில் எந்த வகை இருக்கிறது என்று தெரிந்தால் அதன் அடித்தளம் எப்படிப்பட்டது என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம்.

3. டன். நிம்ஃப் முதிர்ந்ததும் நீர்ப்பரப்புக்கு நீந்தி வரும், அல்லது கல்லைப் பிடித்து ஏறும். முதுகுத் தோல் வெடிக்கும். உள்ளிருந்து சிறகுள்ள பூச்சி வெளியே வந்து, சிறகு விரிந்து இறுகும்வரை நீரின் மேல் மிதந்து போகும். நிறம் மங்கல். சிறகு கண்ணாடி போல இல்லாமல் புகை படிந்ததுபோல இருக்கும். தூண்டில்காரர்கள் இதை டன் என்கிறார்கள். மங்கிய பழுப்புச் சாம்பல் நிறத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது.

4. ஸ்பின்னர். டன் பறந்துபோய் இலைக்கடியில் ஒளிந்து, சில மணி நேரத்திலோ மறுநாளோ இன்னொரு முறை தோலுரிக்கும். சிறகையும் சேர்த்து உரிக்கும். சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இன்றைய உலகில் மேஃப்ளை மட்டுமே. டன்னின் சிறகில் நுண்ணிய மயிர்கள் இருப்பதால் தண்ணீர் ஒட்டாது, நீரிலிருந்து தப்பிக்க அது வசதி. உரித்த பிறகு வரும் சிறகு வழவழப்பாக, கண்ணாடி போலப் பளபளக்கும். இந்தக் கடைசி உருவம் சாயங்கால வெளிச்சத்தில் மேலே ஏறி, மிதந்து இறங்கி, மறுபடி ஏறி ஆடுவதால் ஸ்பின்னர் என்ற பெயர் வந்தது.

சிறகு முளைத்த மேஃப்ளைக்குச் சாப்பிடும் வாய் கிடையாது. வாயுறுப்புகள் சுருங்கிப் பயனற்றுப் போயிருக்கும். குடலில் காற்றுதான் இருக்கும், அது உடம்பை இலகுவாக்கும். இனி வேலை ஒன்றே: ஜோடி சேர்வது, முட்டையிடுவது. அதற்கான சேமிப்பு முழுவதும் நிம்ஃபாக இருந்தபோது தின்றது. அமெரிக்காவின் டொலானியா இனத்துப் பெண்ணுக்குச் சிறகு வாழ்க்கை ஐந்து நிமிஷம் கூட இல்லை. விதிவிலக்கும் உண்டு. குளத்திலும் மழைநீர்த் தொட்டியிலும் வளரும் கிளோயியன் என்ற இனத்தின் பெண், முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கும். அது இடும் முட்டை தண்ணீர் பட்டவுடனே பொரிந்துவிடும்.

## எல்லாமே ஒரே நேரத்தில் எழுவது ஏன்

பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் விளங்கும். வெளியே வந்தபின் சில மணி நேரம்தான். அதற்குள் ஜோடி கிடைக்க வேண்டும். தனியாக வந்தால் கிடைக்காது. தின்ன வருபவர்களோ ஏராளம்: மீன், தவளை, தகைவிலான் குருவி, வௌவால், சிலந்தி. ஆயிரம் பேருக்கு நடுவில் ஒருவராக வந்தால் தின்பவர்களின் வயிறு நிரம்பிவிடும், மிச்சம் பிழைக்கும். ஒரே சாயங்காலத்தில் எழுகிறவர்களின் சந்ததியே நிலைத்தது.

எந்தச் சாயங்காலம் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது தண்ணீரின் வெப்பம். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்துவந்த வெப்பக் கணக்கு ஒரு அளவைத் தொட்டதும் ஒரு ஆற்றின் நிம்ஃப்கள் ஏறக்குறைய சேர்ந்தே முதிர்கின்றன. அதனால்தான் ஒரே இனம் தெற்கில் முன்னதாகவும் வடக்கில் பின்னாலும் எழுகிறது.

டிசா ஆற்றில் இந்தக் காட்சிக்கு 'டிசா பூக்கிறது' என்று பெயர். ஜூன் நடுவில், பிற்பகல் வெயில் சாயும் நேரத்தில், வாலோடு சேர்த்து 12 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள மஞ்சள் பூச்சிகள் நீர்ப்பரப்பை மூடிக்கொள்ளும். ஆண்கள் கரையோரம் கடைசித் தோலை உரித்துவிட்டு வந்து நீரின் மேலேயே பெண்களுக்காக முட்டி மோதும். பெண்களுக்கு அந்தக் கடைசி உரிப்புக்கே அவகாசம் கிடையாது. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு காலத்தில் ரைன் உட்பட ஐரோப்பாவின் பல ஆறுகள் இப்படிப் பூத்தன. இன்று அந்த இனம் பெரும்பாலும் டிசாவிலும் அதன் கிளையாறுகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது.

## பாலத்திலும் தார்ச்சாலையிலும் ஏன் குவிகின்றன

விளக்கு ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூனில் பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா ஆற்றின் மேல் உள்ள கொலம்பியா-ரைட்ஸ்வில் பாலத்தை மேஃப்ளையால் மூட வேண்டியிருந்தது. நசுங்கிய பூச்சிகளால் சாலை வழுக்கி, இருசக்கர வண்டிகள் விழுந்தன.

விளக்கே இல்லாத தார்ச்சாலையிலும் பெண்பூச்சிகள் பகல் வெளிச்சத்திலேயே வந்து முட்டையிடுகின்றனவே, அது எப்படி? ஹங்கேரிய ஆய்வாளர்கள் கிரிஸ்கா, ஹோர்வாத், ஆண்ட்ரிகோவிச் மூவரும் 1998இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில், கிடைமட்டமாக, அமைந்துவிடும். முனைவாக்கம் பெற்ற ஒளி என்று பள்ளியில் படித்தது இதுதான். நம் கண்ணுக்கு அது தெரியாது. மேஃப்ளைக்குத் தெரியும். தண்ணீரைக் கண்டுபிடிக்க அது நம்பியிருக்கும் அடையாளமே இந்த ஒளிதான். காய்ந்த கறுத்த தார்ச்சாலை இதே ஒளியைத் தண்ணீரைவிடப் பலமாகவே திருப்பி அனுப்புகிறது. பாவம், பூச்சி அதை நல்ல ஆறு என்றே எடுத்துக்கொள்கிறது. முட்டைகள் தாரில் காய்ந்து போகின்றன. பளபளப்பான கறுப்புக் காரின் மேலும், சூரிய மின்தகட்டின் மேலும் நடப்பது இதேதான்.

பாலமும் இன்னொரு வகையில் குழப்புகிறது. முட்டையிடும் முன் பெண்பூச்சிகள் ஆற்றின் போக்குக்கு எதிராக மேல்நோக்கிப் பறக்கும். முட்டையும் குஞ்சும் ஓட்டத்தில் கீழே அடித்துச் செல்லப்படுவதை இது ஈடுகட்டும். பாலத்தின் கீழ் நிழல் விழும் இடத்தில் அந்த ஒளி அடையாளம் அறுந்துபோகும். ஆறு அங்கே முடிந்துவிட்டது போலத் தோன்றும். டிசாவில் பெரும்பாலான பூச்சிகள் பாலத்தருகே வந்து திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

## ஃப்ளை ஃபிஷிங்: எடையில்லாத இரையை எறிவது

நமக்குத் தெரிந்த தூண்டிலில் முள்ளில் மண்புழு இருக்கும், மேலே ஈயக்குண்டும் தக்கையும் இருக்கும். குண்டின் எடைதான் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். இறகையும் மயிரையும் நூலால் சின்ன முள்ளின் மேல் சுற்றிச் செய்த போலிப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லை. எடை முழுவதும் தடிமனான கயிற்றில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது அந்தக் கயிறு காற்றில் வளையமாக விரிந்து போய், நுனியில் கட்டிய மெல்லிய நரம்பின் வழியே பூச்சியைப் பூப்போலத் தண்ணீரில் இறக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? ட்ரவுட் மீனின் நடத்தைதான் காரணம். குளிர்ந்த, வேகமான ஆற்றில் வாழும் இந்த மீன் ஓட்டம் குறைந்த ஒரு இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் கொண்டுவருவதைத் தின்னும். ஒரு இன மேஃப்ளை ஆயிரக்கணக்கில் எழும்போது அந்த ஒரு அளவு, ஒரு வடிவம், ஒரு உயரம் மட்டுமே மீனின் கண்ணில் நிற்கும். வேறு எது வந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த நேரத்தில் கொழுத்த மண்புழுவைவிட ஒரு சென்டிமீட்டர் இறகுத் துணுக்குக்கு மதிப்பு அதிகம்.

ஆக, மேஃப்ளையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போலி தேவைப்படுகிறது:

1. அடியில் உருண்டுவரும் நிம்ஃபுக்கு எடை வைத்துக் கட்டிய முள். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் ஃபெசன்ட் பறவையின் செம்பழுப்பு வால் இறகையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டும் வைத்துச் செய்தது இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நூலே கிடையாது, கம்பிதான் நூலும் எடையும்.

2. தோலுரிந்தும் உரியாமலும் நீர்ப்பரப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் பூச்சிக்குப் பாதி மூழ்கும் போலி. இதை எமர்ஜர் என்பார்கள். தப்பிக்க முடியாத இரை என்பதால் மீன் இதைத்தான் அதிகம் தேடும். சேவல் இறகை அழகாகச் சுற்றிய உயரமான போலிகளைவிட இந்தக் கசங்கிய உருவம் பல நாளில் அதிகம் பலிப்பதற்குக் காரணம் இதுவே.

3. சிறகு நிமிர்த்தி மிதக்கும் டன்னுக்கு உலர் ஈ, அதாவது மிதக்கும் போலி.

4. முட்டையிட்டுவிட்டுச் சிறகை இருபுறமும் விரித்துச் செத்து மிதக்கும் ஸ்பின்னருக்குத் தட்டையான போலி. பரப்போடு பரப்பாகக் கிடப்பதால் கரையிலிருப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒன்றுமே இல்லாத தண்ணீரில் மீன்கள் மெதுவாக வாய் திறந்து மூடுவது மட்டும் தெரியும்.

## மீன் கண்ணால் பார்த்தால்

இது ஒளியியல் சங்கதி. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னலுக்குள் சுருங்கித் தெரியும். அந்தக் கூம்பின் கோணம் சுமார் 97 டிகிரி. வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல ஆற்றின் அடித்தளத்தையே பிரதிபலிக்கும்.

இப்போது ஒரு டன் மிதந்து வருகிறது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும்வரை மீனுக்குப் பூச்சி தெரியாது. ஆறு கால்களும் நீர்ப்பரப்பை அழுத்தும் இடங்களில் தோன்றும் ஒளிப்புள்ளிகள் மட்டும் கண்ணாடியில் தெரியும். நெருங்கி வரும்போது ஜன்னலின் விளிம்பில் முதலில் சிறகின் நுனி தோன்றும், அப்புறம்தான் உடம்பு. மீன் முடிவெடுப்பது இந்த வரிசையில். உலர் ஈயின் கழுத்தில் சேவல் இறகைச் சுற்றுவது எதற்கு என்று இப்போது புரியும். விறைப்பான அந்த இழைகள் கால்களைப் போலப் புள்ளிகளை உண்டாக்கும், நிமிர்ந்த சிறகு விளிம்பில் சரியான நேரத்தில் எழும். பூச்சியை நாம் பார்க்கிறபடி அச்சு அசலாகச் செய்வதில் பெரிய பயன் இல்லை. மீனுக்குத் தெரிவது வேறு படம்.

இன்னொன்று இழுபடுவது. அசல் டன் ஓட்டத்தின் வேகத்திலேயே மிதக்கும். போலியோ நரம்பில் கட்டியிருக்கிறது. நடுவில் ஓடும் வேகமான நீர் கயிற்றை வளைத்து இழுத்தால் போலி, ஓட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டபடி நகரும். எந்த மேஃப்ளையும் அப்படி நகராது. எறிந்த பிறகு கயிற்றை ஓட்டம் வரும் பக்கமாகத் தூக்கிப் போட்டு இந்த இழுவையைத் தள்ளிப்போடுவதில்தான் கைத்திறமை முழுவதும் இருக்கிறது. போலியின் நிறத்தைப் பற்றிக் கடைகளில் நடக்கும் பேச்சில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் புதியவர்களுக்கு எவ்வளவோ நல்லது.

## ஆற்றுக்கு ஆறு வேறு

தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் டெஸ்ட், இட்சென் என்ற ஆறுகள் ஓடுகின்றன. சுண்ணப்பாறைக்கு அடியிலிருந்து ஊறி வரும் தண்ணீர், கண்ணாடித் தெளிவு, வருஷம் முழுக்க அதிகம் மாறாத குளிர்ச்சி. அடியில் நீர்ச்செடிகள், அவற்றில் மேஃப்ளை நிம்ஃப்கள். எபெமெரா டானிகா எழும் அந்த இரண்டு வாரத்துக்குத் தூண்டில்காரர்கள் வைத்த பெயர் 'கத்துக்குட்டிகளின் பதினைந்து நாள்'. பெரிய மீன்களே எச்சரிக்கை மறந்து தின்பதால் யார் போட்டாலும் மாட்டும் என்று அர்த்தம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஆறுகளில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு உலர் ஈ முறையை ஒரு சாஸ்திரமாகவே வகுத்தார். மீன் மேலே வருவதைப் பார்க்க வேண்டும், எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று அறிய வேண்டும், அதே டன்னின் மிதக்கும் போலியை ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி எறிய வேண்டும். இது தவிர மற்றது முறையல்ல என்பது அவரைப் பின்பற்றியவர்களின் கட்சி. இட்சென் ஆற்றில் தூண்டில் போட்ட வழக்கறிஞர் ஸ்கியூஸ் வேறு விதமாகப் பார்த்தார். பிடித்த மீனின் வயிற்றைத் திறந்தால் பெரும்பாலும் நிம்ஃப்தானே இருக்கிறது, மீன் தண்ணீருக்கடியில் தின்னும்போது மேலே மிதக்கவிட்டு என்ன பயன் என்று கேட்டார். இந்தச் சச்சரவு வளர்ந்து, 1938இல் லண்டனின் ஃப்ளை ஃபிஷர்ஸ் கிளப்பில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. மேஃப்ளையின் வாழ்நாளில் சிறகு முளைத்த பகுதி எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தால் ஸ்கியூஸ் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. ஆனாலும் சில ஆற்றுப் பகுதிகளில் உலர் ஈ மட்டுமே என்ற விதி இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

1890இல் ஹால்ஃபோர்டு தம்முடைய போலிகள் சிலவற்றைத் தபாலில் அமெரிக்காவுக்கு, தியோடர் கார்டன் என்ற தூண்டில்காரருக்கு அனுப்பினார். நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை ஆறுகளில் அவை சரிப்படவில்லை. அங்கே ஓட்டம் முரடு, பூச்சிகளும் வேறு இனம். கார்டன் அந்த ஆறுகளின் பூச்சிகளைப் பிடித்துப் பார்த்து, விறைப்பான இறகில், நன்றாக மிதக்கும்படி புதிதாகக் கட்டினார். அவரிடம் கற்ற ராய் ஸ்டீன்ராடு 1916இல் ஏப்ரல் கடைசியில் எழும் ஒரு மேஃப்ளைக்கு, நரியின் இளஞ்சிவப்பு சாயலுள்ள மயிரை வைத்து ஒரு போலி கட்டி நண்பர் ஹென்றிக்சனின் பெயரை வைத்தார். இன்று அந்தப் பூச்சியையே ஹென்றிக்சன் என்றுதான் அங்கே சொல்கிறார்கள். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாள்களில், மதியம் தாண்டியதும் அது எழும் என்று ஆற்றங்கரைக்காரர்கள் வெப்பமானியோடு காத்திருப்பார்கள்.

## கூட்டம் வராத வருஷம்

இப்போது செய்திப் படங்களுக்குத் திரும்பலாம். அந்தக் கூட்டம் நோயின் அறிகுறி இல்லை. சேற்றில் இரண்டு வருஷம் ஆக்சிஜன் குறையாமல் இருந்ததற்கான அத்தாட்சி அது. கவலைப்பட வேண்டியது கூட்டம் வராத வருஷத்தைப் பற்றி.

ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் அப்படி நடந்தது. பல ஆண்டுகளாகச் சாக்கடையும் உரச்சத்தும் கலந்து பாசி பெருகிக்கொண்டிருந்தது. 1953இன் கோடைக் கடைசியில் காற்றே இல்லாத வெப்பமான நாள்கள் சில தொடர்ந்தன. தண்ணீர் கலங்கவில்லை, மேலிருந்து ஆக்சிஜன் இறங்கவில்லை. அடியில் இருந்ததை அழுகும் பாசி தீர்த்துவிட்டது. ஹெக்ஸஜீனியா நிம்ஃப்கள் மொத்தமாகச் செத்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த இனம் அங்கே இல்லாமலே போயிற்று. 1972இல் அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டமும் கனடாவோடு பெரிய ஏரிகள் ஒப்பந்தமும் வந்து, சாக்கடை கட்டுப்பட்டு, 1990களின் தொடக்கத்தில்தான் பூச்சி திரும்பி வந்தது. ஏறக்குறைய நாற்பது வருஷம். கரையோர ஊர்க்காரர்கள் வாசலைப் பெருக்கிக்கொண்டே அதை வரவேற்றார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

2020இல் வெளியான ஓர் ஆய்வு வானிலை ரேடார் பதிவுகளை வைத்து இந்தக் கூட்டங்களை எண்ணியது. ஒரே எழுச்சியில் 8,790 கோடி பூச்சிகள் வரை, 3,000 டன்னுக்கு மேற்பட்ட எடை, சில மணி நேரத்தில் தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகிறது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி: மேல் மிசிசிப்பியிலும் மேற்கு ஈரியிலும் சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வெப்பம் கூடுவது, நச்சுப்பாசி, வயலிலிருந்து வரும் நியோனிகோட்டினாய்டு பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றை அவர்கள் சந்தேகிக்கிறார்கள். ஏரிச் சேற்றில் கிடந்த சத்தைத் தூக்கிப் பறவைக்கும் வௌவாலுக்கும் கொண்டுசேர்க்கும் வண்டி அத்தனை டன் எடை என்றால், பாதி வண்டி வராத வருஷத்தில் கரையில் குஞ்சு வளர்க்கும் தகைவிலான்களுக்கு என்ன கிடைக்கும்?

## கல்லைப் புரட்டிப் பார்ப்பவர்கள்

ஆற்று நீரை ஒரு புட்டியில் பிடித்துச் சோதித்தால் அந்த நிமிஷத்துத் தண்ணீரைப் பற்றித் தெரியும். நேற்று ராத்திரி வந்து போன விஷம் தெரியாது. நிம்ஃப் ஒரு வருஷமாக அங்கேயே இருக்கிறது, தப்பி ஓட வழியில்லை. அதனால் மேஃப்ளை, கல் ஈ, கூட்டுப்புழு ஈ என்ற மூன்று நீர்ப்பூச்சி வரிசைகளை எண்ணி ஆற்றின் நலத்தை மதிப்பிடும் முறை உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

நம் பக்கத்து ஓடைகளுக்கும் இது பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேஃப்ளைகளை மதுரையைச் சேர்ந்த பூச்சியியலாளர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் பல்லாண்டு ஆராய்ந்தார். அவர் 1984இல் விவரித்த ஒரு இனத்துக்குப் பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ் என்று பெயர், குற்றாலத்தின் பெயர்தான் அது. மலையோடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் தட்டையாக ஒட்டியிருக்கும் பூச்சிக்கு வயிற்றோரம் செவுள்களும், ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு நகமும் இருந்தால் அது மேஃப்ளை நிம்ஃப். இரண்டு நகம் இருந்தால் கல் ஈ. பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த வேலையைத் தூண்டில்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். 2007 முதல் நாடு முழுக்க நடக்கும் கண்காணிப்பில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மாதம் ஒருமுறை ஆற்றில் இறங்கி, மூன்று நிமிஷம் காலால் அடித்தளத்தைக் கிளறி, வலையில் வந்ததைத் தட்டில் கொட்டி எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியவை எட்டு வகை, அதில் நான்கு மேஃப்ளை. எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே போனால் அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குச் சொல்ல வேண்டும்.

2013 ஜூலையில் வில்ட்ஷயரின் மார்ல்பரோ ஊரருகே கென்னட் ஆற்றில் இந்த எண்ணிக்கை திடீரென்று விழுந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. கரையில் நடந்துபோகும் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தட்டில் மட்டும் பூச்சி இல்லை. சோதித்துப் பார்த்ததில் ஊர்க் கழிவுநீர் வழியாக ஆற்றுக்கு வந்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று தெரிந்தது. சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றின் சிற்றுயிர்களை அது அழித்திருந்தது. நம்மூரில் வீட்டு அஸ்திவாரத்தில் கறையானுக்கு ஊற்றுகிறார்களே, அதே மருந்து.